துக்க வீட்டில் "சாப்பாடு எப்போது?" என்று கேட்ட கணவர்

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து 49 வயது வாசகி ஒருவர் ஆறு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். பெயர், ஊர் தவிர்த்து அதன் சுருக்கம் இது.

கணவருக்கு வயது 56; அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் சட்டைப் பொத்தான் போட வலது கை வராமல் தொடங்கியது. பிறகு கை மெலிந்தது, தோளில் சதை துடித்தது. போன ஆண்டு மோட்டார் நியூரான் நோய், அதாவது தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் படிப்படியாக அழியும் நோய், என்று உறுதி செய்தார்கள். இப்போது பேச்சு குழறுகிறது, தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது, எடை 72 கிலோவிலிருந்து 66 கிலோவுக்கு இறங்கிவிட்டது. காற்றை அழுத்தி அனுப்பி மூச்சுக்கு உதவும் பைபேப் கருவியின் முகமூடியை இரவில் மாட்டிக்கொள்ளச் சொன்னால், ஐந்து நிமிடத்தில் கழற்றி எறிகிறார்.

இதையெல்லாம் தாங்கிக்கொண்ட வாசகிக்கு மற்றவைதான் தாங்கவில்லை. சொந்த அண்ணன் இறந்த வீட்டில் கண் கலங்காமல் உட்கார்ந்திருந்தவர், உடல் எடுப்பதற்கு முன்பே "சாப்பாடு எப்போது?" என்று கேட்டிருக்கிறார். மகள் டெங்குவில் மருத்துவமனையில் கிடந்தபோது ஒருமுறைகூட விசாரிக்கவில்லை. கால் கிலோ அல்வாவை உட்கார்ந்த இடத்தில் முடிக்கிறார். குளிக்க மாட்டேன் என்கிறார். நாலு நாளாக அதே சட்டை. மருமகளிடம் கூசும்படி ஏதோ சொல்லியிருக்கிறார். தெரியாத எண்ணிலிருந்து "முதலீடு" என்று பேசியவர்களுக்கு யுபிஐயில் 1,80,000 ரூபாய் அனுப்பியிருக்கிறார். பிரேக் பிடிக்கக் கையில் வலு இல்லாத நிலையிலும் பைக்கை எடுக்கிறார். வீட்டில் யாரிடமும் சொல்லாமல் பத்து நாளுக்கு முன் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டார். நடுநடுவே காரணமில்லாத சிரிப்பு. கேட்டால், "எனக்கு ஒன்றுமில்லை, நீதான் மாறிவிட்டாய்."

மாமியார் "நீ கவனிக்கிற லட்சணம்" என்கிறார். கொழுந்தன் செய்வினை என்கிறார். உள்ளூர் மருத்துவர் மறதிக்கான டோனெபெசில் மாத்திரை தொடங்க, ஒரு மாதமாக எரிச்சல் கூடியிருக்கிறது. வாசகியின் கேள்விகள் நான்கு: வேண்டுமென்றே செய்கிறாரா? மாத்திரையைச் சோற்றில் கலந்து கொடுத்து அடக்கி வைக்கலாமா? அவர் சார்பில் செயல்பட அதிகாரம் தரும் பவர் பத்திரம் எழுதி வாங்கிவிட்டால் போதுமா? மகனுக்கும் இது வருமா?

சகோதரி, முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டுமென்றே செய்யவில்லை. உங்கள் மீதான வெறுப்போ, இத்தனை காலம் ஒளித்து வைத்திருந்த குணமோ அல்ல. அவர் கையை மெலிய வைத்த அதே நோய்தான் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப்பகுதியிலும் வேலை செய்துகொண்டிருக்கிறது என்று உங்கள் விவரங்களை வைத்துப் பெரும்பாலும் சொல்ல முடிகிறது. நேரில் பார்க்காமல் நோய்ப்பெயரை முத்திரை குத்த மாட்டேன். எதை எதைப் பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்பதைக் கீழே சொல்கிறேன்.

"இந்த நோயில் உடம்புதான் போகும், மூளை கடைசிவரை தெளிவாக இருக்கும் என்று சொன்னார்களே" என்று எழுதியிருக்கிறீர்கள். பல காலம் மருத்துவர்களும் அப்படித்தான் சொன்னோம். ஸ்டீபன் ஹாக்கிங்கை உதாரணம் காட்டாதவர்கள் குறைவு. ஆனால் 1963-இல் நோய் தெரிந்து 2018 வரை வாழ்ந்த அவர் மிக அரிதான விதிவிலக்கு. இந்த நோய் வந்தவர்களில் பாதிப்பேர் வரைக்கும் சிந்தனையிலோ நடத்தையிலோ ஏதோ ஒரு மாற்றம் இருக்கிறது. பலருக்கு அது லேசானது. நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேருக்கு அது முழு அளவிலான ஃப்ரன்டோடெம்பொரல் டிமென்ஷியாவாக, அதாவது மூளையின் முன்மடலும் பக்கமடலும் சுருங்கும் நோயாக, ஆகிறது. இரண்டுக்கும் உள்ள உறவு 2006-இல் தெளிவானது. டிடிபி-43 என்ற ஒரே புரதம்தான் தண்டுவட நரம்பணுக்களிலும் முன்மூளை அணுக்களிலும் இடம்மாறிக் கட்டியாகச் சேர்கிறது என்று அப்போது கண்டுபிடித்தார்கள். எங்கே சேர்கிறதோ அங்கே உள்ள வேலை கெடுகிறது: கைக்கான அணுவில் சேர்ந்தால் பொத்தான் போட முடியாது, முன்மடலில் சேர்ந்தால் பிறர் துக்கம் உறைக்காது.

"பத்து வருஷத்துக்கு முந்தைய அரசாணை எண்ணைக்கூடச் சொல்கிறார், இவருக்கா டிமென்ஷியா?" என்று கொழுந்தன் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இது அல்சைமர் அல்ல. ஞாபகம் பெரிதாகக் கெடாமல், எதை எங்கே சொல்லலாம், எப்போது நிறுத்த வேண்டும், அடுத்தவருக்கு எப்படி இருக்கும் என்ற கணக்குத்தான் முதலில் போகும். அதனால்தான் 30 மதிப்பெண் ஞாபகப் பரிசோதனையில் அவர் 28 வாங்கினார். அந்தப் பரிசோதனை தேதி, கிழமை, மூன்று சொற்கள் என்று அவருக்குக் கெடாத இடத்தையே தட்டிப் பார்க்கிறது. எடின்பரோவில் இந்த நோயாளிகளுக்கென்றே உருவாக்கிய ஈகாஸ் என்ற பரிசோதனை இருக்கிறது. கை வராதவர் வாயாலும், பேச்சு வராதவர் எழுதியும் பதில் சொல்லலாம். இருபது நிமிடம் போதும். அதில் வீட்டாரைத் தனியே வைத்துக் கேட்கும் பகுதி ஒன்று உண்டு. அதுதான் முக்கியம், ஏனென்றால் தனக்கு மாற்றம் இருப்பதே நோயாளிக்குத் தெரியாது. "எனக்கு ஒன்றுமில்லை, நீதான் மாறிவிட்டாய்" என்று அவர் சொல்வது பொய்யும் அல்ல, வீம்பும் அல்ல. தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் திறனும் போய்விட்டதன் அடையாளம்.

மற்றவற்றையும் பிரித்துச் சொல்கிறேன். நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருப்பதும், மகளின் காய்ச்சலை விசாரிக்காததும் ஈடுபாடின்மை. இந்த நோயின் நடத்தை மாற்றங்களில் மிக அதிகம் காணப்படுவது இதுதான். மனச்சோர்வு என்று நினைத்து மாத்திரை கொடுப்பார்கள். மனச்சோர்வு உள்ளவர் வருந்துவார், அழுவார், "ஏன் இருக்கிறேன்" என்பார். இவர் எதற்கும் வருந்துவதில்லை. துக்க வீட்டுச் சாப்பாடும் மருமகளிடம் சொன்ன சொல்லும், தன்னைக் கட்டுப்படுத்தும் மனத்தடுப்புத் தளர்ந்ததால் வருபவை. அல்வா, அதே சட்டை, தினமும் அதே எட்டு மணிப் பாட்டு நிகழ்ச்சி ஆகியவை உணவு மாற்றமும் திரும்பத் திரும்பச் செய்யும் கட்டாயமும். காரணமில்லாத சிரிப்பு மட்டும் வேறு கணக்கு. முகத்தசையை ஆளும் நரம்புப்பாதை தளர்ந்ததால் சிரிப்போ அழுகையோ தானாகப் பீறிடுகிறது. டிமென்ஷியா இல்லாத மோட்டார் நியூரான் நோயாளிகளுக்கும் அது வரும். அதை வைத்து "அண்ணன் செத்ததற்குச் சிரித்தான்" என்று யாராவது பேசினால் நம்ப வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முன் மூச்சைப் பாருங்கள்

கடிதத்தின் நான்காம் பக்கத்தில், காலையில் தலைவலி என்கிறார், பகலில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அல்வாவைவிட அது பெரிய விஷயம். உதரவிதானம், அதாவது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள மூச்சுத் தசை, பலவீனமானால் தூக்கத்தில் மூச்சு ஆழமாகப் போகாது. கரியமில வாயு வெளியேறாமல் இரத்தத்தில் தேங்கும். அதன் விளைவே காலைத் தலைவலி, பகல் தூக்கம், குழப்பம், எரிச்சல். டிமென்ஷியா இல்லாமலே டிமென்ஷியா போல நடக்க வைக்கும், இருந்தால் இரட்டிப்பாக்கும். இதைச் சரிசெய்யலாம் என்பதால்தான் முதலில் பார்க்கச் சொல்கிறேன்.

இந்த வாரமே மூன்று பரிசோதனை: மூச்சளவு, அதாவது எஃப்.வி.சி.; இரவு முழுக்க விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவைப் பதியும் சோதனை; தமனி இரத்தத்தில் வாயு அளவு. கரியமில வாயு அழுத்தம் 45-ஐத் தாண்டினால் தேங்குகிறது என்று பொருள். கூடவே சோடியம், தைராய்டு, பி-12, சிறுநீர்த் தொற்று ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். எச்சில் வடிவதைக் குறைக்கக் கொடுக்கும் ட்ரைஹெக்ஸிபெனிடில் போன்ற மாத்திரைகளும் குழப்பம் உண்டாக்கும். சீட்டில் இருந்தால் காட்டிக் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மூச்சுத் திணறுகிறது என்று அவசரமாகக் கொண்டுபோனால் முதல் வேலையாக ஆக்சிஜன் குழாயை வைப்பார்கள். நிமோனியா போன்ற வேறு தேவை இல்லாதபோது, பைபேப் இல்லாமல் ஆக்சிஜன் மட்டும் கொடுத்தால் மூச்சு மேலும் மந்தமாகிக் கரியமில வாயு ஏறி மயக்கத்தில் போய் முடியலாம். "மோட்டார் நியூரான் நோய், பைபேப் தேவை, ஆக்சிஜன் மட்டும் வேண்டாம்" என்று உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் ஒரு தாளில் எழுதி, முத்திரை வாங்கி, கணவருடைய அடையாள அட்டையோடு வையுங்கள்.

பைபேப்பைக் கழற்றி எறிவதற்குக் காரணம் ஒன்றல்ல. மூக்கையும் வாயையும் மூடும் முகமூடி மூச்சு முட்டுவது போலிருக்கும், எச்சில் தேங்கும், கண்பக்கம் காற்றுக் கசியும், தொடக்க அழுத்தம் கூடுதலாக இருக்கும். மூக்கு மட்டும் மூடும் வகையைக் கேளுங்கள். அழுத்தத்தைக் குறைத்துத் தொடங்கி வாரக்கணக்கில் ஏற்றச் சொல்லுங்கள். "இதைப் போட்டால்தான் உயிர்" என்று விளக்கிப் பயனில்லை. பின்விளைவை எண்ணிப் பார்க்கும் இடமே அவருக்குப் பழுதாகியிருக்கிறது. அதற்குப் பதில் அந்த எட்டு மணி நிகழ்ச்சியைப் பயன்படுத்துங்கள். அதே நாற்காலி, அதே நேரம், பாட்டு தொடங்கியதும் முகமூடி, முதல் வாரம் பத்தே நிமிடம். ஒன்றையே திரும்பச் செய்யும் கட்டாயத்துக்குள் முகமூடியும் நுழைந்துவிட்டால் பிறகு அவரே கேட்பார். எல்லோருக்கும் இது பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். டிமென்ஷியா சேர்ந்தவர்கள் பைபேப்பை ஏற்பது மற்றவர்களைவிடக் குறைவுதான்.

மாத்திரைகள்: நிறுத்த வேண்டியவை, கலக்கக் கூடாதவை

டோனெபெசில் அல்சைமருக்கு உதவும். இந்த டிமென்ஷியாவில் பயன் இல்லை, எரிச்சலையும் தடுப்பின்மையையும் கூட்டவும் செய்யும். உங்கள் கணவருக்கு நடந்தது அதுவாக இருக்கலாம். மருத்துவரிடம் சொல்லி நிறுத்துங்கள். அதற்குப் பதிலாக மெமன்டின் எழுதினால் அதனாலும் இந்த நோயில் பலன் காணப்படவில்லை.

சோற்றில் கலக்கலாமா என்று கேட்டீர்கள். நோயின் வேகத்தைக் குறைக்கக் கொடுக்கும் ரிலுசோலை ஏற்கெனவே பொடித்துத் தயிர்சாதத்தில் கலந்து வருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இன்றோடு விட்டுவிடுங்கள். ரிலுசோல் 50 மி.கி. காலை, மாலை என இருவேளை, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் பின்போ கொடுக்க வேண்டிய மாத்திரை. சோற்றோடு போனால் உடலில் சேர்வது குறைகிறது. அதைவிட முக்கியம், பொடித்தால் நாக்கும் வாயும் மரத்துப்போகும். ஏற்கெனவே புரையேறும் வாயை மரக்கவைத்துச் சோறு ஊட்டுகிறோம் என்று ஆகிவிடும். முழு மாத்திரை விழுங்க முடியவில்லை என்றால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள், மாற்று வழியை அவர் பார்க்கட்டும். கல்லீரல் பரிசோதனை முதல் மூன்று மாதம் மாதாமாதம் எடுத்தார்களா என்றும் பாருங்கள்.

தூக்க மாத்திரை கொடுத்து அடக்குவது இந்த நோயில் ஆபத்து. அல்ப்ரசோலம், குளோனசெபம் வகை மூச்சை மந்தமாக்கும். மூச்சுப் பரிசோதனை முடியாமல், அதுவும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கி, கொடுக்கவே கூடாது. ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் போன்ற மனநோய் மருந்துகள் இந்த நோயாளிகளை எளிதில் விறைக்கவைத்து விழுங்குவதை இன்னும் கெடுக்கும்.

உதவக்கூடியவை உண்டு. தடுப்பின்மை, கட்டாயம், இனிப்புப் பித்து மூன்றுக்கும் செர்ட்ராலின் போன்ற மருந்தைக் குறைந்த அளவில், 25 அல்லது 50 மி.கி. என்று, தொடங்குவோம், பலன் தெரிய நான்கிலிருந்து ஆறு வாரமாகும். காரணமில்லாத சிரிப்புக்கும் அதுவே உதவலாம். இரவில் அமைதியின்மை இருந்தால் ட்ரசடோன். சந்தேகமும் தாக்குதலும் மிஞ்சினால் மட்டும், கடைசியாக, மிகச் சிறு அளவில் க்வெடியபின். ஈடுபாடின்மைக்கு மருந்து இல்லை. இல்லாத மருந்தைத் தேடி ஊர் ஊராக அலைந்து பணத்தை விடாதீர்கள்.

தட்டு, அலமாரி, வண்டிச் சாவி

நடத்தையைப் பொறுத்தவரை நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: அவரைத் திருத்த முயலாதீர்கள், அவரைச் சுற்றி இருப்பதை மாற்றுங்கள். திட்டினால் அவர் புரிந்துகொள்வது உங்கள் குரல் உயர்ந்ததை மட்டுமே.

சாப்பாட்டிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் உயிருக்கு உடனடி ஆபத்து அங்கேதான். தொண்டை பலவீனமானவர் வாய் நிறைய அடைத்துக்கொள்வது இந்த இரு நோயும் சேரும்போது வரும் தனிச்சிக்கல். முழுச் சாப்பாட்டையும் முன்னால் வைக்காதீர்கள். சிறு கிண்ணத்தில் ஒரு பங்கு, தேக்கரண்டி, அது இறங்கியபின் அடுத்த கிண்ணம். டிவியை நிறுத்திவிடுங்கள். நிமிர்ந்து உட்காரவைத்து, விழுங்கும்போது முகவாய் மார்பை நோக்கி இறங்கட்டும். முடித்தபின் அரை மணி நேரம் படுக்கக் கூடாது.

அல்வாவை நிறுத்தச் சொல்வது சர்க்கரைக்காக அல்ல. வலுவில்லாத நாக்கில் ஒட்டி, மேலண்ணத்தில் பிடித்து, கட்டியாக உள்ளே போகும். மிக்சர், முறுக்கு, வடை, புட்டு, தேங்காய்ப்பூ போட்ட பொரியல் ஆகியவை உதிர்ந்து மூச்சுக்குழாயில் நுழையும். பலருக்கும் தெரியாதது ரசம் சாதம்: நீரும் பருக்கையும் கலந்திருப்பதால் நீர் முந்திக்கொண்டு இறங்கிப் புரையேற்றும். குழைய வடித்து மசித்த தயிர்சாதம், பருப்புச்சாதம், கெட்டிக் கேழ்வரகுக் கூழ், சாம்பாரில் ஊறி மசிந்த இட்லி, மசித்த வாழைப்பழம் நல்லது. தண்ணீரே புரையேறுகிறது என்றால் மருந்துக்கடையில் கிடைக்கும் கெட்டியாக்கும் பொடியைச் சேருங்கள். இனிப்பு கேட்கத்தான் செய்வார். பாயசத்தைக் கெட்டியாக மசித்து சிறு கிண்ணத்தில் கொடுங்கள். மிச்சம் பூட்டிய அலமாரிக்குள் இருக்கட்டும். கண்ணில் படாததை அவர் தேடுவது குறைவு. அடைத்துக்கொண்டால் பின்னாலிருந்து வயிற்றை மேல்நோக்கி அழுத்தித் தள்ளும் முதலுதவியை வீட்டில் இரண்டு பேராவது ஒரு செவிலியரிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் தண்ணீர் கொடுப்பது இன்னும் கெடுதல்.

இவ்வளவு தின்றும் எடை குறைவது எப்படி என்று மாமியார் கேட்கிறாராம். தசை கரைகிறது, உடல் ஓய்விலும் கூடுதலாக எரிக்கிறது. நோய்க்கு முந்தைய எடையில் பத்து சதவீதம் குறைந்தால், அவருக்கு 65 கிலோவைத் தொட்டால், வயிற்றில் உணவுக்குழாய் பொருத்துவது பற்றிப் பேச வேண்டும். மூச்சளவு 50 சதவீதத்துக்குக் கீழே போகுமுன் பொருத்துவது பாதுகாப்பானது. இன்னும் ஒரு கிலோதான் இருக்கிறது. அடுத்த வருகையிலேயே கேளுங்கள். குழாயை இழுக்கும் பழக்கம் வந்துவிடுமோ என்று பயந்தால், வயிற்றைச் சுற்றிக் கட்டும் பட்டை இருக்கிறது.

பைக்: வாதாட வேண்டாம். சாவியை எடுத்து வைத்துவிட்டு வண்டியை உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, "சர்வீஸுக்குப் போயிருக்கிறது" என்று சொல்லுங்கள். உண்மை பேசுவது நல்லதுதான். தெருவில் ஒரு குழந்தை அடிபடாமல் இருப்பது அதைவிட நல்லது.

குளியல்: "குளிக்கிறீர்களா?" என்று கேட்டால் பதில் "இல்லை" என்றுதான் வரும். கேட்காமல், வெந்நீர் தயார், துண்டு கையில் என்று அழைத்துப் போங்கள். அதே நிறத்தில், அதே துணியில் மூன்று சட்டை தைத்துவிட்டால் சட்டைச் சண்டை முடிந்தது. மருமகள் அவரோடு தனியாக இருக்கும்படி விடாதீர்கள். மீண்டும் அப்படிப் பேசினால் சிரிக்கவும் வேண்டாம், கத்தவும் வேண்டாம். தணிந்த குரலில் "இப்படிப் பேசக் கூடாது" என்று ஒரே வரி, பிறகு அறையை விட்டு வெளியே. நோயின் விளைவு என்று மருமகளுக்கு நீங்களே விளக்கிச் சொல்லுங்கள். நோய் என்பதற்காக அந்தப் பெண் அதைச் சகித்துக்கொள்ள வேண்டியதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். குளிப்பாட்ட ஆண் உதவியாளர் கிடைத்தால் நல்லது.

ராஜினாமா, பணம், கையெழுத்து

இதை வழக்கறிஞர் ஒருவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். ஆனால் ராஜினாமா விஷயம் அவரைப் பார்க்கும்வரை காத்திருக்காது. ஏற்கப்படுவதற்கு முன் ராஜினாமாவைத் திரும்பப் பெறலாம். ஏற்றுக்கொண்டுவிட்டால் இத்தனை ஆண்டுப் பணிக்காலமும் ஓய்வூதிய உரிமையும் பறிபோகலாம். விருப்ப ஓய்வு வேறு, ராஜினாமா வேறு. நாளையே கணவரிடம் திரும்பப் பெறும் கடிதத்தில் கையெழுத்து வாங்கி, நோய்ச் சான்றிதழுடன் அலுவலகத் தலைவரிடம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பிரிவு 20, பணியில் இருக்கும்போது ஊனம் அடைந்த அரசு ஊழியரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது. பார்த்த வேலையைச் செய்ய முடியாவிட்டால் அதே ஊதியத்தில் வேறு வேலை. அதுவும் இல்லையென்றால் கூடுதல் பணியிடம் ஒன்றை உருவாக்கி, தகுந்த பணி கிடைக்கும் வரையோ ஓய்வு வயது வரையோ அதில் வைக்க வேண்டும். அவருக்கு இன்னும் நான்கு ஆண்டுச் சம்பளம் இருக்கிறது. இதற்கு ஊனச் சான்றிதழும், மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையான யுடிஐடியும் அடிப்படை; மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். சக ஊழியர்களிடம் அவர் ஏதாவது பேசி மெமோ வருமுன், நடத்தை மாற்றமும் நோயின் பகுதி என்று மருத்துவர் எழுதிய கடிதம் கோப்பில் இருக்கட்டும்.

போன பணத்துக்கு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுங்கள். தாமதமாகிவிட்டாலும் பதிவு வேண்டும். அவர் போனைப் பிடுங்கினால் சண்டைதான் மிஞ்சும். போனில் இருக்கும் யுபிஐயை ஐந்தாயிரம் ரூபாய்க்கு மேல் தங்காத ஒரு தனிக் கணக்கோடு இணைத்துவிடுங்கள். சம்பளம் வரும் கணக்கை இருவர் பெயரில் மாற்றுங்கள். கை ஓடவில்லை என்றாலும் வங்கியில் கைரேகை, கால்விரல் ரேகைகூடச் செல்லும். இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அதிகாரி.

பவர் எழுதி வாங்கிவிட்டால் கடைசிவரை செல்லும் என்பது பரவலாக இருக்கும் தவறான நம்பிக்கை. நம் நாட்டுச் சட்டத்தில், எழுதிக் கொடுத்தவரின் மனத்திறன் போய்விட்டால் பவரும் முடிந்துவிடும். உங்களுக்கு எப்போது அது மிகவும் தேவையோ அப்போது அது செல்லாது. பிறகு காப்பாளர் நியமனம் கேட்டு நீதிமன்றம் போக வேண்டியிருக்கும். எனவே கூட்டுக் கணக்கு, நாமினி, உயில் இவற்றை இப்போதே முடியுங்கள். டிமென்ஷியா என்ற பெயர் வந்துவிட்டதாலேயே ஒருவர் எதற்கும் கையெழுத்திட முடியாது என்று ஆகிவிடாது. அந்தக் குறிப்பிட்ட முடிவைப் புரிந்துகொள்கிறாரா, காரணம் சொல்கிறாரா என்பதே அளவுகோல். உயில் எழுதும் அன்றே மருத்துவர் பரிசோதித்து, தேதி நேரம் போட்டுச் சான்று தரட்டும்; இரண்டு சாட்சி, முடிந்தால் வீடியோ. அவருக்குப் புரியவில்லை என்று மருத்துவர் சொன்னால் கையெழுத்து வாங்காதீர்கள். பின்னாளில் கொழுந்தனே வழக்குப் போடுவார்.

தொண்டையில் துளையிட்டு வென்டிலேட்டர் வைப்பதா வேண்டாமா என்பதையும் அவர் சொல்லக்கூடிய நாட்களில் கேட்டுப் பதிய வேண்டும். முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணத்தை உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்றது. 2023-இல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன்னிலை போதும். இவ்வளவு அவசரப்படுத்தக் காரணம் உண்டு. இரண்டு நோயும் முழுமையாகச் சேரும்போது அறிகுறி தொடங்கியதிலிருந்து ஆயுள் சராசரியாக இரண்டு, மூன்று ஆண்டு என்றே அமைகிறது. சராசரி உங்கள் கணவருக்கு எழுதிவைத்த தேதி அல்ல. ஆனாலும் காகித வேலைகளை மாதக்கணக்கில் தள்ளிப்போட இடமில்லை.

மகனுக்கு வருமா?

மோட்டார் நியூரான் நோய் பத்தில் ஒருவருக்கே குடும்பத்தில் தொடர்வது. ஆனால் டிமென்ஷியாவும் சேரும்போது பரம்பரையை இன்னும் கவனமாகக் கேட்க வேண்டும். அவருடைய பெற்றோர், பெரியப்பா, சித்தப்பா, அத்தை வழியில் கைகால் மெலிந்து இறந்தவர், ஐம்பது அறுபதில் "புத்தி பேதலித்தவர்" யாராவது உண்டா என்று மாமியாரிடம் பொறுமையாகக் கேளுங்கள். இரு நோயையும் ஒன்றாகக் கொண்டுவரும் முதன்மை மரபணு 2011-இல் கண்டுபிடித்த சி9ஓஆர்எஃப்72. ஐரோப்பியரோடு ஒப்பிட்டால் ஆசியர்களிடம் இது மிகக் குறைவு. அதில் இருப்பது ஒரு சிறு துண்டு நூற்றுக்கணக்கில் திரும்பத் திரும்ப வரும் கோளாறு. மரபணுக்களை மொத்தமாகப் படிக்கும் வழக்கமான எக்ஸோம் பரிசோதனையில் அது தெரியாது. பணம் கட்டி "நார்மல்" என்று வாங்கிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. அதற்கென்று தனி பிசிஆர் பரிசோதனை செய்கிறார்களா என்று கேட்டுச் செய்யுங்கள், அதுவும் முதலில் கணவருக்கு. அவருக்கு இல்லை என்றால் மகனைத் தேடிப் பரிசோதிக்கக் காரணமில்லை. இருந்தால் மரபியல் ஆலோசனை முடிந்தபின், தெரிந்துகொள்வதா என்பதை மகனே முடிவு செய்யட்டும்.

"மெட்ராஸ் வகை என்றால் முப்பது வருஷம் இருப்பார்களாமே" என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஒரு வகை உண்மையில் உண்டு. 1970-இல் சென்னை மருத்துவர்கள் விவரித்தது. ஆனால் அது பதின்பருவத்திலோ இருபதுகளிலோ தொடங்கும், காது கேளாமையும் முகத்தசைத் தளர்ச்சியும் கூட வரும். 54-இல் தொடங்கிய உங்கள் கணவரின் நோய் அது அல்ல.

கொழுந்தன் பூஜை செய்ய விரும்பினால் செய்துகொள்ளட்டும். பூஜையோடு கஷாயமோ பஸ்பமோ வாய்வழி கொடுப்பதை மட்டும் அனுமதிக்காதீர்கள். புரையேறவும் கூடும், ரிலுசோல் ஏற்கெனவே வேலை வைக்கும் கல்லீரலுக்குக் கேடும் கூடும். மாமியாரை அடுத்த முறை மருத்துவரிடம் உங்களோடு அழைத்துப் போங்கள். மூளை ஸ்கேனில் முன்மடல் சுருக்கம் தெரிந்தால் அவருக்கே காட்டி விளக்கச் சொல்லுங்கள். தொடக்கத்தில் ஸ்கேன் நார்மலாகவும் வரலாம். அதனால் நோய் இல்லை என்று ஆகாது.

பெங்களூரு நிம்ஹான்ஸ், சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையின் நரம்பியல் நிலையம், வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களுக்கு ஒருமுறை போய் முழு மதிப்பீடு வாங்கிக்கொண்டால், தொடர் சிகிச்சையை உங்கள் மாவட்டத்திலேயே பார்க்கலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சையும் நோய்த்தணிப்புப் பராமரிப்பும் தருவார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். இரவு மூன்று மணிக்கு, இதற்கு மேல் தாங்க முடியாது என்று தோன்றும்போது பேச டெலி-மானஸ் என்ற மனநல உதவி எண் 14416 இருக்கிறது. வாரத்தில் இரண்டு இரவாவது மகனோ வேறொருவரோ அவர் அருகில் படுக்கட்டும், நீங்கள் வேறு அறையில் தூங்குங்கள். முகமூடியை மாட்டுவதையும் தொண்டையில் அடைத்தால் செய்ய வேண்டியதையும் அவர்களுக்குப் பகலிலேயே செய்து காட்டிவிடுங்கள்.